ராக்கெட் மாதிரி எஞ்சின்: நின்றால் ஸ்டீம் ஏறுகிறது, ஓட்டினால் இறங்குகிறது

கணபதி லேத்: வணக்கமுங்க. 1829-இல் இங்கிலாந்தின் ரெயின்ஹில் ரயில் எஞ்சின் போட்டியில் ஜெயித்த ஸ்டீபன்சனின் 'ராக்கெட்' நீராவி எஞ்சினைச் சின்ன மாதிரியாக 5 அங்குலத் தண்டவாளத்துக்குச் செய்திருக்கிறேன். செப்பு பாய்லர். அசலில் நெருப்பின் சூடு பாய்லருக்குள் போகும் 3 அங்குலக் குழாய் 25. எனக்கு மூன்று நூல் (ஒரு நூல் = அரைக்கால் அங்குலம்) குழாய் 12தான் அடங்கியது. தண்ணீர் நிரப்பி 100 பவுண்டு அழுத்தத்தில் சோதித்தாயிற்று. புகைபோக்கி மேல் ஃபேன் வைத்து இழுத்தால் 50 பவுண்டு ஏறி சேஃப்டி வால்வு திறக்கிறது. ஃபேனை எடுத்துவிட்டு ஓட்டினால் கொஞ்ச தூரத்திலேயே 20-க்கு இறங்கி, நெருப்பும் மங்குகிறது. சிலிண்டர் முக்கால் அங்குலம். அதைச் சின்னதாக்க வேண்டுமா?

போத்தனூர் பெரியவர்: தம்பி, சிலிண்டரைத் தொடாதீங்க. நெருப்பே மங்குகிறது என்றால் காற்று இழுவை போதவில்லை. ஓடும்போது உங்கள் ஃபேன் வேலையைச் செய்ய வேண்டியது, புகைபோக்கிக்குள் சீறும் கழிவு ஸ்டீம். மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரயில் கிளம்பும்போது கேட்கும் 'சுக் சுக்' அதுதான். எஞ்சின் கஷ்டப்பட்டு இழுக்க இழுக்கச் சீறலும் கூடும், நெருப்பும் தானாக வேகமெடுக்கும். ராக்கெட்டில் சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு கழிவுக் குழாய். இரண்டின் வாயிலும் நேரான கம்பியைச் செருகுங்க. புகைபோக்கிச் சுவரில் இடிக்காமல் மேலே வர வேண்டும்.

ஈரோட்டுக்காரன்: காற்றுக் கசிவையும் பாருங்கண்ணா. எஞ்சின் ஆறியபின் ஃபேனைப் போட்டு, புகைபோக்கி பாய்லரோடு சேரும் இடத்தைச் சுற்றி ஊதுபத்தி காட்டுங்க. புகை உள்ளே போனால் அங்கே ஓட்டை. ஸ்டீம் பத்தவில்லை என்று சேஃப்டி வால்வை மட்டும் இறுக்கிவிடாதீங்க.

கணபதி லேத்: ஒரு வாய் சாய்ந்து சுவரில் அடிக்கிறதுங்க. புகைபோக்கி பாய்லரோடு சேரும் அடி ஃபிளாஞ்சில் ஊதுபத்திப் புகையும் உள்ளே போகிறது. வாய் ஓட்டை ஒரு நூல் இருக்கிறது, குறைக்கலாமா?

போத்தனூர் பெரியவர்: சரி, முதலில் அந்த இரண்டையும் முடிங்க. பாதி வியாதி அதிலேயே போய்விடும். அப்புறமும் மங்கினால் 2.5 மில்லிமீட்டரில் கழற்றி மாட்டுகிற வாய் கடைந்து போடுங்க. ரொம்பக் குறைத்தால் கழிவு ஸ்டீம் வெளியேற முடியாமல் பிஸ்டனையே எதிர்த்துத் தள்ளும். நெருப்பு பிடிக்கிற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்க. என்ன கரி போடுகிறீர்கள்?

கணபதி லேத்: கொட்டாங்குச்சிக் கரிங்க, காங்கயத்தில் வாங்கியது.

போத்தனூர் பெரியவர்: அது லேசு. இழுவை சரியானதும் பொடியெல்லாம் குழாய்க்குள் பறந்து அடைத்துக்கொள்ளும். சலித்துப் பெரிய துண்டாகப் போடுங்க. அசல் ராக்கெட்டுக்குக் கோக், அதாவது சுட்டெடுத்த நிலக்கரி. சின்ன அடுப்பில் அது தனியாகப் பிடிக்காது, கரியோடு கலந்து பாருங்க. கோவை கணபதியில் கோக் எரிக்கும் ஃபவுண்டரிக்கா பஞ்சம், ஒரு கூடை கேட்டால் கொடுப்பார்கள்.