'ரீடைரக்ட்': வழிமாற்றா, ஆற்றுப்படையா?

அன்புள்ள குழுவினருக்கு,

வெள்ளிக்கிழமை ஒரு கையேடு அச்சுக்குப் போயாக வேண்டும். 'ரீடைரக்ட்' என்ற ஒரே ஒரு சொல்லில் வேலை நின்றுபோயிருக்கிறது.

ஒளிப்பட வலைப்பதிவைப் புதிய தளத்துக்கு மாற்றுவது எப்படி என்று கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. எடுத்துக்காட்டாக என் பதிவையே வைத்திருக்கிறேன். 2008 முதல் கூந்தன்குளத்துப் பறவைகளைப் படமெடுத்து இட்டுவந்தது; 412 இடுகைகள். ஏற்றுமதிக் கோப்பை இறக்கிப் பார்த்தால் எழுத்தெல்லாம் வந்திருக்கிறது, படம் ஒன்றுகூட இல்லை. படங்கள் இருக்கும் பழைய முகவரிகள் மட்டுமே இருக்கின்றன. அவற்றைத் தனியே இறக்கி முடித்துவிட்டேன். தொல்லை இணைப்புகளில்தான். தமிழில் தலைப்பிட்ட இடுகைக்குப் பழைய தளம் முகவரியில் வெறும் எண்ணைத்தான் போட்டது: போஸ்ட் 15, போஸ்ட் 16. புதிய தளம் தலைப்பையே வைத்துக்கொள்கிறது. ஆனால் அந்த முகவரியை நகலெடுத்து ஒட்டினால் ஒவ்வோர் எழுத்தும், ஒவ்வொரு புள்ளியும் கொம்பும்கூட, ஒன்பது குறிகளாக விரிகிறது. பழையது இது, புதியது இது என்று 412-க்கும் கையால் இணை சேர்த்துவருகிறேன். ஓர் ஆசிரியை தம் பாடக்குறிப்பில் என் வரித்தலை வாத்துப் படத்துக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார். அந்த இணைப்பு அறுந்துவிடக் கூடாது.

பழைய முகவரியைத் தேடி வருபவரைப் புதிய முகவரிக்கு அனுப்பும் செயலுக்குத் தமிழில் என்ன சொல்வது? இதற்கான குறியெண்களில் 301 என்பது நிலையானது, 302 என்பது தற்காலிகமானது. இரண்டையும் பிரித்துச் சொல்லவும் இடம் வேண்டும்.

சேலத்திலிருந்து

* * *

வணக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் பல்லாண்டுகளாக 'வழிமாற்று' புழங்குகிறது. மாணவர்கள் அங்கே பார்த்துப் பழகிய சொல். அதையே வையுங்கள். புதிதாகத் தேட வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

கோவையிலிருந்து

* * *

அன்புள்ள நண்பர்களே,

'வழிமாற்று' எனக்கு உறுத்துகிறது. மாறு தன்வினை, மாற்று பிறவினை. இங்கே யார் எதை மாற்றுகிறார்கள்? வழி மாறவில்லை, வீடு மாறியிருக்கிறது. 'அவனை வழி மாற்றிவிட்டார்கள்' என்று ஊரில் சொன்னால் கெடுத்துவிட்டார்கள் என்றுதான் கொள்வோம்.

நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டுப் பழஞ்சொல் இருக்கிறது: ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்தல் என்றால் வழியில் செலுத்துதல். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள், கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாத்தையும் சேர்த்து, இந்த வகைதான். 'பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ' என்று தொல்காப்பியர் இலக்கணமே வகுத்திருக்கிறார். சிறுபாணாற்றுப்படையைப் பாருங்கள். எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று ஊர் ஊராகச் சொல்லிப் பாணனை நல்லியக்கோடனிடம் அனுப்புகிறது. பழைய முகவரி செய்வதும் இதுதானே?

இன்னொன்று. பாணர், பொருநர், கூத்தர் என்று நான்கு பாட்டுகள் வழி கேட்டுப் போகிறவர் பெயரைத் தாங்கியவை. திருமுருகாற்றுப்படை மட்டும் சென்றடையும் தலைவன் பெயரைத் தாங்கியது. ஆகவே நம் சொல்லை வருபவரை வைத்து அமைப்பதா, சேருமிடத்தை வைத்து அமைப்பதா என்பதையும் முடிவு செய்ய வேண்டும்.

தஞ்சையிலிருந்து

* * *

ஐயா, நான் வழங்கிகளை, அதாவது தளங்களை வைத்திருந்து கேட்பவருக்குத் தரும் கணினிகளை, பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். நீங்கள் சொன்னது தொழில்நுட்பப்படியும் சரி. பழைய வழங்கி யாரையும் தூக்கிக்கொண்டு போய்ப் புதிய இடத்தில் விடுவதில்லை. '301, நீ தேடியது இப்போது இந்த முகவரியில்' என்று விடை சொல்கிறது, அவ்வளவுதான். அதைக் கேட்டு உலாவி தானே நடந்து போகிறது. வழி சொல்வது ஒருவர், போவது இன்னொருவர்.

ஆனாலும் வகுப்பில் இந்தச் சொல்லை எழுத என் கை வராது. 'ஆறு' என்றதும் மாணவர் நினைவுக்கு வருவது காவிரி. 'படை' என்றதும் சேனை. முதல் அரைமணி நேரம் சொல்லை விளக்குவதிலேயே போய்விடும். 'திசைமாற்றி' வண்டியின் ஸ்டியரிங்குக்குப் போய்விட்டது. 'மடைமாற்றம்' அரசியல் கட்டுரைகளில் அடிபட்டுக் குற்றச்சாட்டாகிவிட்டது. மிஞ்சுவது வழிமாற்றுதான்.

சென்னையிலிருந்து

* * *

வணக்கம் ஐயா. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தடை. எங்கள் பக்கம் ஆற்றுப்படுத்தல் என்றால் உளவளத்துணை. மனம் நொந்தவருக்குத் துணையாக இருந்து பேசுவது. பாடநூல்களிலும் அந்தப் பொருளில்தான் உண்டு. ஒரு வலைப்பக்கத்தில் 'நீங்கள் ஆற்றுப்படுத்தப்படுகிறீர்கள்' என்று வந்தால் எங்கள் பிள்ளைகள் திகைத்துப்போவார்கள். அந்தப் பணி செய்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய சொல்லைத் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

* * *

நான் தபால் துறையில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவள். வீடு மாறிப் போனவர்களின் கடிதம் வந்தால் பழைய முகவரியைச் சிவப்பு மையால் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் புதியதை எழுதி, மறுபடி பைக்குள் போடுவோம். அடித்த எழுத்தும் படிக்கத் தெரிய வேண்டும் என்பது எனக்குக் கற்றுக்கொடுத்தவரின் கண்டிப்பு. அதற்கு நாங்களும் 'ரீடைரக்ட்' என்றுதான் சொன்னோம். 'முகவரி மாற்றி அனுப்புதல்' என்று எழுதினால் தமிழ் படிக்கத் தெரிந்த எவருக்கும் புரியும். ஒற்றைச் சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று ஏன் பிடிவாதம்?

மதுரையிலிருந்து

* * *

அம்மா சொல்வது நயமாக இருக்கிறது. ஆனால் அமைப்புப் பக்கத்தில் அந்தப் பொத்தானுக்கு இருக்கும் இடம் ஏழெட்டு எழுத்துதான்.

இன்னொரு செய்தி. ஆற்றுப்படை என்று வைத்தால் 'ஹோஸ்டிங்' என்பதற்கும் வழி பிறக்கிறது. பாணன் போய்ச் சேர்வது புரவலனிடம். தளத்துக்கு இடங்கொடுத்துக் காப்பவரும் புரவலர்தானே? பழைய புரவலரிடமிருந்து புதிய புரவலருக்கு. பறவைப் பதிவாக இருப்பதால் தளம் மாறுவதை 'வலசை' என்றும் சொல்லலாம்.

கோவையிலிருந்து

* * *

வலசை போன பறவை திரும்பி வரும். என் பதிவு திரும்பாது. அந்தச் சொல்லைப் பறவைகளுக்கே விட்டுவிடுவோம். புரவலர் அழகான சொல், ஆனால் மாதந்தோறும் நான் பணம் கட்டுகிறேன். பரிசில் தருபவனின் பெயரை அவருக்குத் தர மனம் வரவில்லை.

இன்று வியாழன் இரவு. ஐவர் வழிமாற்று என்கிறீர்கள், அவர்களில் இருவர் அரைமனதாக. கையேட்டில் 301-க்கு 'நிலை வழிமாற்று', 302-க்குத் 'தற்காலிக வழிமாற்று'. முதல் முறை வரும் இடத்தில் மதுரை அம்மாவின் 'முகவரி மாற்றி அனுப்புதல்' விளக்கமாக நிற்கும், சிவப்பு மைக் கோட்டோடு. யாழ்ப்பாண நண்பரின் தடையை முழுமையாக ஏற்கிறேன். வாத்துப் படத்தின் பழைய இணைப்பைச் சற்றுமுன் சொடுக்கிப் பார்த்தேன். புதிய இடத்தில் திறந்தது. இன்னும் 61 முகவரிகள் பாக்கி.

சேலத்திலிருந்து

* * *

ஐவர் முடிவைத் தடுக்க மாட்டேன், ஆனால் ஒப்பவும் இல்லை. வழி சொல்பவன் வேறு, நடப்பவன் வேறு என்பதைச் சென்னை நண்பரே ஒப்புக்கொண்டார்; அந்த வேறுபாடு 'மாற்று' என்பதில் மறைந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்து வழக்கைக் கேட்ட பிறகு ஆற்றுப்படுத்தல் என்று நானும் எழுத மாட்டேன். 'வழிப்படுத்து' என்று ஒரு சொல் உண்டு. அடுத்த பதிப்புக்கு முன் அதைப் பற்றி எழுதுகிறேன்.

தஞ்சையிலிருந்து