வீடியோ முழுக்க ஏறின பிறகு 401 வருகிறது, டோக்கனை 30 நாள் வைத்துவிடலாமா?

மெட்டுக்காரன்:
வணக்கம். வண்டன்மேட்டில் இருக்கிறேன். ஏலத்தோட்டக்காரர்களுக்காக ஒரு சின்ன ஆண்ட்ராய்டு ஆப் செய்கிறேன். செடியில் அழுகலோ இலைப்பேனோ தெரிந்தால் வீடியோ எடுத்து அனுப்புவார்கள், போடியில் இருக்கும் ஆலோசகர் பார்த்து மருந்து சொல்வார். லாகினுக்கு போன் நம்பரும் 4 இலக்க ஓடிபியும். லாகின் ஆனதும் சர்வர் தரும் டோக்கனுக்கு (ஆள் யார் என்று காட்டும் அடையாளச் சீட்டு) ஆயுள் 15 நிமிடம். தோட்டத்துக்குள் சிக்னல் ஒரு கோடுதான், 90 எம்பி வீடியோ ஏற முக்கால் மணி நேரம் ஆகிறது, அவ்வளவும் ஏறி முடித்த பிறகு 401, அதாவது டோக்கன் செல்லாது என்ற பிழை, மறுபடி முதலிலிருந்து. சாயங்காலம் ஜீப்பில் போடிமெட்டு இறங்குகிறவர்கள் பாடு இன்னும் மோசம். ஐபி (போனின் இணைய முகவரி) மாறினால் லாகினை வெட்டும்படி பாதுகாப்புக்காக நானே எழுதி வைத்தேன், இப்போது வளைவுக்கு வளைவு ஆளை வெளியே தள்ளுகிறது. கூட வேலை செய்கிறவர், டோக்கனை 30 நாள் ஆக்கு, வீடியோக்களை வைக்கும் அமேசான் எஸ்3 கிடங்கின் சாவியை ஆப்பிலேயே போட்டுவிட்டால் சர்வரே நடுவில் வேண்டாம் என்கிறார். சரியா?

கம்பம்வாசி:
சாவியை மட்டும் ஆப்பில் போடாதீர்கள். நான் ஒருமுறை போட்டேன். பிறகு ஒரு சந்தேகத்தில் என் ஏபிகேயையே (ஆப்பின் நிறுவல் கோப்பு) ஜாடெக்ஸ் (jadx) என்ற நிரலைப் பிரித்துக் காட்டும் கருவியில் திறந்து, எஸ்3இல் கோப்புகள் இருக்கும் பக்கெட்டின் பெயரைத் தேடினேன், அடுத்த வரியிலேயே சாவி பல்லிளித்துக்கொண்டு நின்றது. 2 நிமிடம்கூட ஆகவில்லை. அந்தச் சாவி கிடைத்தவன் உங்கள் ஆலோசகர் பார்க்கும் எல்லா வீடியோவையும் பார்க்கலாம், அழிக்கவும் செய்யலாம்.

பழைய_பூட்டு:
தம்பி, முதலில் ஏன் கடைசியில் 401 என்று பாருங்கள். உங்கள் நிரலுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் (கோரிக்கைகளை முதலில் வாங்கும் வெப் சர்வர்) இருக்கிறதா? அது வழக்கமாக வருகிற வீடியோ முழுவதையும் தானே வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம்தான் உங்கள் நிரலிடம் கொடுக்கும். அதாவது டோக்கனை உங்கள் நிரல் பார்ப்பதே முக்கால் மணி நேரம் கழித்து. ஆயுளை 30 நாள் ஆக்கினால் இது மறையும், உண்மைதான். ஆனால் போன் தொலைந்தால் 30 நாளும் எடுத்தவன் கையில்.

யார் என்று காட்டுவது வேறு, இந்த ஒரு வீடியோவை ஏற்ற அனுமதி வேறு. இரண்டையும் ஒரே டோக்கனில் கட்டியதால்தான் இந்தப் பாடு. ஆப் முதலில் டோக்கனைக் காட்டி "ஒரு வீடியோ ஏற்றப் போகிறேன்" என்று மட்டும் கேட்கட்டும். சர்வர் கோப்புக்குத் தானே ஒரு பெயர் வைத்து (ஆப் சொல்லும் பெயரை நம்பாதீர்கள்), யாருடையது என்று பதிந்துகொண்டு, எஸ்3க்கு நேரே ஏற்றக் கையொப்பமிட்ட முகவரி (சாவி இல்லாமலே கொஞ்ச நேரம் மட்டும் செல்லும் இணைப்பு) தரட்டும். வீடியோவைத் துண்டு துண்டாக ஏற்றுங்கள். கடைசித் துண்டு தவிர மற்றவை 5 எம்பிக்குக் குறையக் கூடாது, உங்கள் 90 எம்பி 18 துண்டு ஆகும். ஒவ்வொரு துண்டுக்கும் தனி முகவரி, ஆயுள் 10 நிமிடம் போதும், காரணம் எஸ்3 ஆயுளைப் பார்ப்பது கோரிக்கை தொடங்கும்போதுதான், பாதியில் வெட்டாது. 11ஆவது துண்டில் சிக்னல் போனால் 11இலிருந்து தொடரலாம். பாதியில் விட்ட துண்டுகள் வெளியே தெரியாது, ஆனால் பில்லில் தெரியும், சில நாளில் தானே அழியும்படி பக்கெட்டில் விதி போட்டுவிடுங்கள்.

ரெஃப்ரெஷ் டோக்கனை (15 நிமிட டோக்கன் முடிந்ததும் புதியது வாங்கக் காட்டும் டோக்கன்) ஆண்ட்ராய்டு கீஸ்டோரில், அதாவது போனுக்குள்ளேயே இருக்கும் சாவிப் பெட்டகத்தில், உள்ள சாவியால் பூட்டி வையுங்கள். அந்தச் சாவி பேக்கப்பில் போகாது, அதனால் புது போனில் டேட்டாவை மீட்டால் பூட்டு மட்டும் வரும், திறக்காது, ஆப் விழும். அந்தக் கோப்பை பேக்கப்பிலிருந்து விலக்குங்கள்.

கொழிஞ்சாம்பாறை:
ஐபி கட்டுப்பாட்டை இன்றைக்கே எடுங்கள். எங்கள் ஊரிலும் வாளையாறு தாண்டுவதற்குள் போன் கேரளா டவருக்கும் தமிழ்நாட்டு டவருக்கும் மாறி மாறித் தாவும், யாரும் எதையும் திருடவில்லை. ஓடிபியை 6 இலக்கம் ஆக்குங்கள். 4 இலக்கம் என்றால் மொத்தமே 10,000 எண்தான், எத்தனை தடவை தப்பாகப் போடலாம் என்று எல்லை இல்லாவிட்டால் ஒரு சின்ன நிரல் சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். எஸ்எம்எஸ் தாமதமாக வரும் இடம் அது, "மறுபடி அனுப்பு" அழுத்தினால் ஆயுள் முடியாதவரை அதே எண்ணையே அனுப்புங்கள், இல்லையென்றால் பழையதைப் போட்டுவிட்டு உங்களைத் திட்டுவார்கள்.

இன்னொன்று. தோட்டத்தில் ஒரே போனை அண்ணன் தம்பி இரண்டு பேரும் வைத்திருப்பார்கள். அண்ணன் எடுத்த வீடியோ வரிசையில் காத்திருக்கும்போது தம்பி லாகின் செய்தால் அது யார் பெயரில் ஏறும்?

மெட்டுக்காரன்:
தம்பி பெயரில். இப்போதுதான் சோதித்தேன் 😐

துண்டு முறைக்கு மாற்றிவிட்டேன், ஜீப்பில் வைத்தும் பார்த்தாயிற்று, மேலே முந்தல் வரை பாதி, கீழே போடி வந்ததும் மீதி. வரிசையில் ஒவ்வொரு வீடியோவோடும் பயனர் எண்ணைச் சேர்த்துவிட்டேன், ஆள் மாறினால் அது காத்திருக்கும். ஆனால் புதிதாக ஒன்று: ஆப்பைத் திறந்தால் சில நேரம் காரணமே இல்லாமல் லாகின் பக்கம் வருகிறது.

பழைய_பூட்டு:
ரெஃப்ரெஷ் டோக்கனை ஒவ்வொரு முறையும் மாற்றுகிறீர்களா? அப்படியானால் பின்னணியில் ஏற்றும் வேலை ஒரு பக்கம், திரை ஒரு பக்கம், இரண்டும் ஒரே நேரத்தில் பழைய டோக்கனைக் கொடுத்துப் புதியது கேட்கின்றன. இரண்டாவதாகப் போனதை சர்வர் திருட்டு என்று நினைத்து எல்லாவற்றையும் ரத்து செய்கிறது. புதுப்பிக்கும் இடத்தில் ஒரு மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) போடுங்கள், ஒருவர் போய் வாங்கி வரட்டும், மற்றவர் வாசலில் நிற்கட்டும்.

மெட்டுக்காரன்:
அதேதான் அண்ணா. சர்வர் பதிவில் (லாக்) இரண்டு கோரிக்கைக்கும் நடுவே 40 மில்லிசெகண்ட்.