டெப்ளாய் சக்சஸ் என்கிறது, ஆனால் தளத்தில் பழைய பக்கமே வருகிறது

கேள்வி:
வண்டி உதிரிபாகக் கடை ஒன்றின் லாராவெல் (பிஎச்பி மொழிக்கான ஃப்ரேம்வொர்க்) தளத்தைத் தனி ஆளாகப் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் வரை ஃபைல்ஜில்லாவில் (கோப்புகளை சர்வருக்கு ஏற்றும் மென்பொருள்) இழுத்துப் போடுவதுதான் என் ரிலீஸ். ஒருநாள் வெண்டர் ஃபோல்டர் (வெளி லைப்ரரிகள் இருப்பது) பாதி ஏறும்போது நெட் போய்விட்டது. அன்றைக்கே டெப்ளாயருக்கு (ஒவ்வொரு ரிலீஸையும் சர்வரில் தனி ஃபோல்டராக ஏற்றும் கருவி) மாறினேன்.

இப்போது டெர்மினலில் 'டெப் டெப்ளாய்' என்று அடித்தால் போதும். ரிலீசஸ் ஃபோல்டருக்குள் 14 என்ற ஃபோல்டர் உருவாகி, கரண்ட் என்ற சிம்லிங்க்கும் (வேறு ஃபோல்டரைச் சுட்டும் குறுக்குவழி) அதற்கு மாறிவிடுகிறது. ரீட்லிங்க் (அது எங்கே சுட்டுகிறது என்று காட்டும் கட்டளை) போட்டே பார்த்துவிட்டேன். ஆனால் பிரௌசரில் ஒரு ரிஃப்ரெஷுக்குப் பழைய விலைப்பட்டியல், அடுத்ததற்குப் புதியது! எஃப்பிஎம்-ஐ (பிஎச்பியை ஓட்டும் சர்வீஸ்) ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. ஆனால் அந்த நொடியில் பணம் கட்டிக்கொண்டிருப்பவருக்கு 502 எரர். நேற்று கடைக்காரரே மாட்டினார். வேறு வழி உண்டா?

பதில் 1:
டெப்ளாயர் மேல் தப்பில்லை. சிம்லிங்க் எங்கே போகிறது என்பதை பிஎச்பி ஒருமுறை பார்த்து நினைவில் வைத்துக்கொள்ளும், இயல்பாக 120 நொடிக்கு. எஃப்பிஎம்-இன் ஒவ்வொரு ஒர்க்கர் பிராசஸுக்கும் தனி நினைவு, அதனால்தான் பழசும் புதுசும் மாறி மாறி வருகிறது. ஆப்கேஷும் (கம்பைல் ஆன பிஎச்பி நிரலை நினைவில் வைப்பது) சேர்ந்தால் இன்னும் குழப்பம்.

என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்) கான்ஃபிகில் ஸ்கிரிப்ட்_ஃபைல்நேம், டாகுமெண்ட்_ரூட் இரண்டுக்கும் $டாகுமெண்ட்_ரூட் என்பதற்குப் பதில் $ரியல்பாத்_ரூட் கொடுங்கள். அப்போது பிஎச்பிக்குப் போவது 'ரிலீசஸ்/14' என்ற உண்மையான பாதை. புது பாதை என்றால் அதற்குப் புது கோப்புதான். எஃப்பிஎம்-ஐத் தொடவே வேண்டாம்.

ரீஸ்டார்ட்டுக்குப் பதில் ரீலோட் செய்தால் போதும் என்று யாராவது சொல்வார்கள். எஃப்பிஎம்-இன் பிராசஸ்_கன்ட்ரோல்_டைம்அவுட், அதாவது ஓடும் வேலை முடியக் காத்திருக்கும் நேரம், இயல்பில் 0. அதை மாற்றாமல் ரீலோட் செய்தாலும் நடுவில் இருக்கும் ரிக்வெஸ்ட் அறுந்துதான் போகும்.

கேட்டவர்:
மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் கண்ணில் பட்டது. உபுண்டுவின் ஃபாஸ்ட்சிஜிஐ-பிஎச்பி ஸ்னிப்பட்டை (தயாராக வரும் கான்ஃபிக் துண்டு) இன்க்ளூட் செய்யும் வரிக்கு மேலே என் வரிகளைப் போட்டிருந்தேன். அதற்குள் பழைய $டாகுமெண்ட்_ரூட் உட்கார்ந்திருக்கிறது, கடைசியாக வருவதுதான் ஜெயிக்கும். கீழே இறக்கினேன், 'என்ஜின்எக்ஸ் -டி' போட்டு கான்ஃபிக் சரியா என்று பார்த்துவிட்டு ரீலோட். 15-ஆவது ரிலீஸ் முதல் ரிஃப்ரெஷிலேயே வந்துவிட்டது!

பதில் 2:
கியூ ஒர்க்கரை (மெயில் போன்ற வேலைகளைப் பின்னணியில் செய்யும் பிராசஸ்) மறந்துவிடாதீர்கள். அது ஸ்டார்ட் ஆனபோது இருந்த நிரலையே பிடித்துக்கொண்டு ஓடும், என்ஜின்எக்ஸ் மாற்றம் அதற்குப் பொருந்தாது. டெப்ளாய் முடிந்ததும் 'ஆர்ட்டிசன்:கியூ:ரீஸ்டார்ட்' ஓடும்படி டெப்ளாயரின் ரெசிப்பியில் (டெப்ளாய் படிகள் எழுதிய கோப்பு) சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, 'டெப் ரோல்பேக்' சிம்லிங்க்கை மட்டும்தான் பின்னுக்குத் தள்ளும். மைக்ரேஷனில் (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் கோப்பு) ஒரு நெடுவரிசையை (column) டிராப் செய்திருந்தால் அது திரும்பி வராது. நான் பட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் நிரலிலிருந்து நெடுவரிசையை எடுப்பது ஒரு ரிலீஸ், டேட்டாபேஸிலிருந்து எடுப்பது அதற்கு அடுத்த ரிலீஸ்.

கேட்டவர்:
ஓ, இன்வாய்ஸ் மெயிலில் இன்னும் பழைய ஜிஎஸ்டி எண் போவது அதனால்தானா! இதோ சேர்க்கிறேன்.