மாட்டுக்கொட்டகை உத்தரத்தில் ஓட்டை இருக்கிறதா என்று கேட்கிறார். கட்டணம் கொடுத்து அழைக்கலாமா?

முருங்கைத்தோப்பு, அரவக்குறிச்சி:

வணக்கம். அரவக்குறிச்சிக்குத் தெற்கே எங்களுக்கு மூன்று ஏக்கர் முருங்கை இருக்கிறது. பெரியகுளத்து பி.கே.எம்.-1 ரகம், இரண்டாம் கவாத்து முடிந்த மரங்கள். இந்தப் பருவத்தில் பூவுக்குக் குறைவில்லை. மரத்தடியில் பாய் விரித்ததுபோல் பூ கிடக்கிறது. அண்ணாந்து பார்த்தால் காய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தேனீ குறைந்துவிட்டது என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். பெட்டி விற்பவர் ஒருவர் வந்து, பத்துப் பெட்டி வைத்தால் காய் கொட்டும் என்றார். இதற்கிடையில் என் அக்காள் மகன் ஓர் எண்ணைக் கொடுத்தான். திண்டுக்கல் பக்கத்து அம்மா ஒருவர், தாவரவியல் படித்தவர். எந்த அலுவலகத்திலும் சேராமல் தனியாக நாட்டுத் தேனீக்களைப் பற்றி ஆலோசனை சொல்கிறாராம், வகுப்பும் எடுக்கிறாராம்.

அழைத்தேன். எத்தனை ஏக்கர் என்றுகூடக் கேட்கவில்லை. "உங்கள் மாட்டுக்கொட்டகை உத்தரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருக்கிறதா?" என்பதுதான் முதல் கேள்வி. இரண்டாவது, வேலி எதனால் ஆனது என்று. மூன்றாவது, மருந்து எத்தனை மணிக்கு அடிக்கிறீர்கள் என்று. ஒரு நாளைக்கு 4,500 ரூபாய், பஸ் செலவு தனி. பெட்டியும் தரமாட்டார், மருந்தும் தரமாட்டார், பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்.

பார்ப்பதற்கு 4,500 ரூபாயா என்கிறாள் என் மனைவி. எனக்கும் அதே கேள்விதான். இவரை யாராவது அழைத்திருக்கிறீர்களா?

அறிவியல் ஆசிரியர், ஒட்டன்சத்திரம்:

தோப்புக்கு நான் அழைத்ததில்லை. அவருடைய இரண்டு நாள் வகுப்புக்குப் போயிருக்கிறேன். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை.

முதல் நாள் காலை ஆளுக்கொரு செடியின் முன்னால் உட்காரவைத்து, கால் மணி நேரம் வாய் திறக்காமல் பாருங்கள் என்றார். எனக்கு வாய்த்தது ஒரு தும்பைச் செடி. 11 தேனீக்கள் வந்தன என்று எழுதிக் கொடுத்தேன். தாளைப் பார்த்துவிட்டு, "இவற்றில் எத்தனைக்கு நான்கு இறக்கை சார்?" என்று கேட்டார். மறுபடியும் போய் உட்கார்ந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் தேனீயே அல்ல, தேனீயைப்போல் வரியணிந்த பூ ஈக்கள்! ஈக்கு ஒரே ஜோடி இறக்கைதான். உணர்கொம்பு இருக்கிறதா என்று தேட வேண்டும், அவ்வளவு குட்டை. இருபத்திரண்டு ஆண்டுகளாக உயிரியல் நடத்துகிறேன் என்பதை அன்று யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

மதியம், எங்கள் பள்ளி இயற்பியல் ஆய்வகத்திலிருந்து கொண்டுவரச் சொல்லியிருந்த இசைக்கவையைத் தட்டி, ஒரு கத்தரிப் பூவின் மகரந்தப்பையில் வைத்தார். கீழே கறுப்புத் தாள். பொலபொலவென்று வெளிர்மஞ்சள் தூள் கொட்டியது. கத்தரியின் மகரந்தப்பை பவுடர் டப்பா மாதிரி, நுனியில்தான் துளை. யாராவது பிடித்து உலுக்க வேண்டும். கருவண்டும் (பெயர்தான் வண்டு, காய்ந்த மரத்தைக் குடைந்து வாழும் பெரிய கறுப்புத் தேனீ) நீலப்பட்டைத் தேனீயும் பூவைக் கவ்விக்கொண்டு, இறக்கையை விரிக்காமலே பறக்கும் தசைகளை அதிரவைத்து அதைச் செய்துவிடும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. என் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் இதைச் செய்து காட்டுகிறேன்.

4,500 ரூபாய் அதிகமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பார்க்கத் தெரிந்தவர் என்பதற்கு நான் சாட்சி.

பெட்டிக்காரன், மார்த்தாண்டம்:

மூன்று தலைமுறையாகத் தேனீ வளர்க்கிற குடும்பம் எங்களுடையது. 1990களின் தொடக்கத்தில் சாக்புரூட் வைரஸ் நோய் தென்னாட்டு அடுக்குத்தேனீயை வாரிக்கொண்டு போனபோது, அப்பாவிடம் மிஞ்சியது ஆறு பெட்டிகள். அதிலிருந்து மீண்டு வந்தவர்கள் நாங்கள். ரப்பர் தளிர்விடும் காலத்தில் இலைக்காம்பில் சுரக்கும் தேனுக்காகப் பெட்டிகளைத் தோட்டந்தோட்டமாகச் சுமக்கிறோம்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். 'நாட்டுத் தேனீ நிபுணர்' என்கிறீர்கள். எங்கள் அடுக்குத்தேனீ எந்த நாட்டிலிருந்து வந்ததாம்? பெட்டி என்றாலே ஏமாற்று என்பதுபோல் இப்போது ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. தென்னைக்கும் சூரியகாந்திக்கும் வெள்ளரிக்கும் எங்கள் பூச்சிகள் செய்யும் வேலையை யாரும் மறுக்க முடியாது.

கருவண்டு, திண்டுக்கல்:

அந்த உத்தர ஓட்டைக்காரி நான்தான். நண்பர் ஒருவர் இதை அனுப்பிவைத்தார். ஆசிரியர் சாருக்கு நன்றி. இசைக்கவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்பதையும் எழுதியிருக்கலாம்.

முதலில் மார்த்தாண்டம் அண்ணனுக்கு. நீங்கள் சொல்வது சரிதான், அடுக்குத்தேனீ இந்த மண்ணின் பிள்ளை. 1962இல் இமாச்சலப் பக்கத்து நக்ரோட்டாவில் கொண்டுவந்து நிலைநிறுத்திய இத்தாலியத் தேனீதான் பெட்டிகளில் இருக்கும் விருந்தாளி. ஆனால் இந்தியாவில் பெயரிடப்பட்ட தேனீ இனங்கள் 700க்கும் மேல். அவற்றில் பெட்டியில் குடியிருக்கச் சம்மதிப்பவற்றை எண்ண ஒரு கை விரல்கள் போதும். மற்றவை பெரும்பாலும் தனிக்கட்டைகள். ராணி இல்லை, கூட்டமில்லை, விற்கும்படி தேனும் இல்லை. அவற்றுக்காகப் பேச யாருக்கும் வருமானமில்லாததால் அந்த வேலை என்னைப் போன்றவர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. உங்கள் தொழிலோடு எனக்கு வழக்கில்லை.

அரவக்குறிச்சி ஐயா, தேன் வேண்டுமென்றால் பெட்டி வையுங்கள். முருங்கைத் தேனுக்கு நல்ல விலை இருக்கிறது. ஆனால் தேன் கணக்கு வேறு, காய்க் கணக்கு வேறு. முருங்கைப் பூவில் சிறிய தேனீ வந்து குடித்துவிட்டு அதே மரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கருவண்டு உட்கார்ந்தால் பூங்கொத்தே தாழும். உடம்பெல்லாம் மகரந்தத்தை அப்பிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் பாயும். ஆந்திரப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் 1990இல் வெளியிட்ட முருங்கை ஆய்விலும் இதற்கு முக்கிய இடமுண்டு.

அந்தக் கருவண்டு வாழ்வது காய்ந்த மரத்தில். அதனால்தான் உத்தரத்தைக் கேட்டேன். பட்டுப்போன கிளை ஒன்றைப் பிளந்து பார்த்திருக்கிறீர்களா? உள்ளே ரயில்பெட்டிபோல் வரிசையாக அறைகள். ஒவ்வோர் அறையிலும் மகரந்தத்தைத் தேனில் பிசைந்த ஓர் உருண்டை, அதன்மேல் பச்சரிசியைவிட நீளமான ஒரே ஒரு முட்டை. அறைக்கு அறை மரத்தூளை மென்று வைத்த தடுப்பு. ஒரு தாய் ஒரு பருவம் முழுக்கச் செய்யும் வேலை சில அறைகள்தான். அந்த ஓட்டையில் ஒரு கை சிமெண்டை அப்பினால் அத்தனையும் முடிந்தது. கருவண்டு மரத்தைத் தின்பதில்லை, குடைந்து தூளை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். முகத்துக்கு நேரே அந்தரத்தில் நின்று மிரட்டுவது பெரும்பாலும் ஆண்; அதற்குக் கொடுக்கே கிடையாது.

வேலிக் கேள்வி இதைவிடப் பெரியது. முருங்கை பூக்காத மாதங்களில் அந்த வண்டு எதைத் தின்னும்? இங்கேதான் தேனீக்காரிக்குத் தாவரவியல் தேவைப்படுகிறது. வண்டின் காலில் ஒட்டிய தூளைக் கழுவி நுண்ணோக்கியில் வைத்தால், அது இதற்கு முன் எந்தெந்தப் பூவுக்குப் போய்வந்தது என்று தெரிந்துவிடும். உங்கள் பக்கத்தில் அந்தப் பட்டியலில் எருக்கு இருக்கும், ஆவாரை இருக்கும், கொன்றையும் புங்கையும் இருக்கும். ஆவாரையும் கத்தரியைப்போல் உலுக்கினால்தான் மகரந்தம் தரும். கொரங்காட்டு மேய்ச்சல் நிலங்களின் பழைய கிளுவை முள்வேலிகளை நினைத்துப் பாருங்கள்: கிளுவை, அதன் காலடியில் ஆவாரை, ஓரத்தில் எருக்கு, மேலே கோவைக்கொடி. அதைப் பிடுங்கிவிட்டுக் கல்தூண் நட்டுக் கம்பி கட்டியிருந்தால், வண்டின் பலசரக்குக் கடையை மூடிவிட்டீர்கள் என்று பொருள்.

என்னை அழைக்கும் முன் இரண்டு காரியங்கள் செய்யுங்கள். இவற்றுக்குக் கட்டணமில்லை.

உதிர்ந்த மொட்டுகளில் ஒரு கைப்பிடி அள்ளி, பிரித்துப் பாருங்கள். உள்ளே புழு இருந்தால் நீங்கள் பார்க்க வேண்டியவர் தோட்டக்கலை அலுவலர், நானல்ல. பூக்கும் சமயத்தில் தண்ணீரை அளவுக்கு மிஞ்சிக் கட்டினாலும், மழை பெய்தாலும் பூ உதிரும். அதற்கும் நான் வேண்டியதில்லை.

புழு இல்லையென்றால், இருபது பூங்கொத்துகளில் சிவப்பு நூல் கட்டுங்கள், வேறு இருபதில் வெள்ளை நூல். சிவப்பு நூல் கொத்துகளில் மட்டும், தினமும் காலையில், வேறொரு மரத்துப் பூவின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் தொட்டு வையுங்கள். வெள்ளையைத் தொடாதீர்கள். பிஞ்சு தெரிந்ததும் எண்ணுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி பிடித்திருந்தால் குறை தேனீயில் இல்லை. மண்ணிலோ நீரிலோ தேடுங்கள். சிவப்பில் தெளிவாகக் கூடுதலாகப் பிடித்திருந்தால் பூவுக்கு வரவேண்டியவர்கள் வரவில்லை. அப்போது என்னைக் கூப்பிடுங்கள்.

நான் முந்தின நாள் இரவே கடைசி பஸ்ஸில் வந்துவிடுவேன். விடியுமுன் தோப்பில் இருப்பேன். பத்து நிமிடத்துக்கு ஒரு மரம் என்று எண்ணுவேன், வேலியோரம் முழுக்க நடப்பேன், உழாத வரப்பில் மண்துளைகள் தேடுவேன். மாலை இருட்டும் நேரத்தில் காய்ந்த புல்தண்டுகளைப் பார்ப்பேன். நீலப்பட்டைத் தேனீயின் ஆண்கள் தண்டை வாயால் கவ்வி, ஈரத்துணி காயப்போட்டதுபோல் வரிசையாகத் தொங்கித் தூங்கும். எத்தனை இருக்கின்றன என்று ஓடாமல் எண்ண அதைவிட நல்ல சமயமில்லை. கடைசியில் இரண்டு பக்கம் தமிழில் எழுதித் தருவேன். பெரும்பாலும் அதில் இருப்பவை: பட்டுப்போன மரத்தை நிற்கவிடுங்கள், வேலியில் இன்னின்ன செடியை இன்ன இடத்தில் விடுங்கள், காலையில் பூச்சி வேலை செய்யும் நேரத்தில் மருந்து அடிக்காதீர்கள். இதற்கா பணம் என்று தோன்றும். எங்கே, எது, எத்தனை என்பதற்குத்தான் பணம். மறுமுறை வந்து பார்த்தால் பாதிக் கட்டணம்.

தவறே செய்யாதவள் அல்ல நான். நத்தம் பக்கம் ஒரு மாந்தோப்பில், கருவண்டுக்கென்று ஒரு முனையில் கணு மூடிய மூங்கில் துண்டுகள் நாற்பதைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். கயிற்றின் வழியே எறும்பு இறங்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஒன்றுகூடத் தேறவில்லை. அந்தத் தோப்புக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது கம்பியில் கட்டி, கம்பியில் கிரீஸ் தடவி, கூரையின் கீழ் மழை படாமல் கிடைமட்டமாக வைக்கிறேன்.

வீட்டுமனை விற்கும் ஒரு நிறுவனம் 'தேனீப் பூங்கா' என்று பலகை வைக்க என் பெயரைக் கேட்டது. இருந்த புதரையெல்லாம் வழித்தெடுத்துவிட்டுப் புல்தரை போட்டிருந்தார்கள். போகவில்லை. அந்த மாதம் வாடகைக்குக் கொஞ்சம் சிரமப்பட்டேன் என்பதும் உண்மை.

பெட்டிக்காரன், மார்த்தாண்டம்:

எறும்பு விஷயத்தில் எங்களைக் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்போம் அம்மா. பெட்டிக் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவதெல்லாம் எதற்காக? மற்றபடி மறுத்துப் பேச ஒன்றுமில்லை. அடுத்த வகுப்பு எப்போது?

முருங்கைத்தோப்பு, அரவக்குறிச்சி:

எல்லாருக்கும் நன்றி. எழுத மூன்று வாரமாகிவிட்டது. மொட்டில் புழு இல்லை. நூல் கட்டினேன். சிவப்பு நூல் கொத்துகளில் 31 பிஞ்சு, வெள்ளையில் 9. தூரிகை பிடித்தது என் மனைவிதான். என் கை நடுங்குகிறதாம்.

வேலியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது கொஞ்சம் கோபம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் 40 சென்டு நீளத்துக்கு... தப்பு, நீளத்தைச் சென்டில் சொல்லக்கூடாது. தெற்கு எல்லை முழுக்கக் கிளுவையைப் பிடுங்கிக் கம்பி போட்டோம். கடன் வாங்கிப் போட்ட கம்பி.

அம்மா, உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: உத்தரத்தில் ஐந்து ஓட்டைகள் இருந்தன. நான்கை நானே சிமெண்ட் வைத்து அடைத்திருக்கிறேன். ஐந்தாவதன் நேர் கீழே, இன்று காலை மாட்டின் முதுகில் மரத்தூள் கிடந்தது. தட்டிவிடவில்லை. செவ்வாய்க்கிழமை வர முடியுமா? தங்குவதற்கு வீட்டிலேயே இடமிருக்கிறது.