பிள்ளைகளுக்கு நன்றியுணர்வு வர என்ன கைவேலை செய்யலாம்?

ரெண்டு வாலு அம்மா:
மகளுக்கு 8 வயது, மகனுக்கு 5. எதைக் கொடுத்தாலும் வாங்கிய கையோடு "வேற என்ன?" என்கிறார்கள். பின்னாலிருந்து நான் லேசாகக் கிள்ளினால்தான் "தாங்க்ஸ்" வருகிறது, அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு. எல்லாரும் சொல்கிறார்களே என்று போன மாதம் ஒரு கண்ணாடி ஜாடி வைத்து, தினமும் ராத்திரி ஆளுக்கொரு சீட்டில் இன்றைக்கு எதற்கு நன்றி என்று எழுதிப் போடச் சொன்னேன். முதல் 4 நாள் ஒரே உற்சாகம். அப்புறம் பெரியவள் தினமும் "அம்மா அப்பா" என்று கிறுக்கி மடித்துப் போட்டுவிட்டு ஓட, சின்னவன் அதைப் பார்த்துக் காப்பியடிக்க, இப்போது அந்த ஜாடியில் பென்சில்தான் இருக்கிறது. வெட்டுவது, ஒட்டுவது, வரைவது என்றால் இரண்டுக்கும் உயிர். அதை வைத்து உருப்படியாக ஏதாவது செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பசைக்கை:
தினமும் என்பதுதான் சிக்கல். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கல்லூரி மாணவர்களில் ஒரு குழு வாரம் ஒருமுறை மட்டும், நன்றி தோன்றிய விஷயங்களில் அதிகபட்சம் 5, 10 வாரம் எழுதினார்கள். எரிச்சலூட்டியவற்றை எழுதிய குழுவைவிட இவர்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள். பெரியவர்களுக்கே வாரம் ஒருமுறை போதும் என்றால் பிள்ளைகளைத் தினமும் ஏன் படுத்த வேண்டும்?

எங்கள் வீட்டில் காகிதச் சங்கிலி. பழைய வண்ணக் காகிதத்தை 3 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, எழுதி, வளையமாகக் கோக்கிறோம். ஒரே ஒரு விதி: யார் என்பதோடு என்ன செய்தார் என்பதும் இருக்க வேண்டும். வெறும் "அம்மா" செல்லாது, "காய்ச்சலில் அம்மா ராத்திரி முழுக்க என் பக்கத்திலேயே இருந்தாள்" செல்லும். சின்னவன் வரையட்டும், அவன் சொல்வதைச் சொன்னபடியே (திருத்தாமல்!) பின்பக்கம் நீங்கள் எழுதுங்கள். பசை காய்வதற்குள் வளையம் பிரிந்து அழுகை வரும், அதனால் ஸ்டேப்ளர், அது உங்கள் கையில். ஜாடிக்குள் போனது கண்ணில் படாது, சங்கிலி நீள்வது தெரியும்.

சும்மா ஒருத்தன்:
சங்கிலி சரி, ஆனால் நன்றி வீட்டுச் சுவரிலேயே தொங்கினால் என்ன பிரயோஜனம்? உரியவரிடம் போய்ச் சேர வேண்டாமா? பள்ளி வண்டி ஓட்டுபவருக்கு ஒரு அட்டை செய்து பிள்ளையே கையில் கொடுக்கட்டும், அவர் முகம் மாறுவதை அது பார்க்கட்டும்.

இன்னொன்று, எங்களுக்கு நன்றாக வந்தது. பெரிய தாளின் நடுவில் பிள்ளையின் பழைய சட்டையை வரைந்து, அது கைக்கு வர யார் யார் உழைத்தார்கள் என்று காகிதப் பொம்மை வெட்டிச் சுற்றி ஒட்டுவது. பருத்தி விதைத்தவர், பறித்தவர், நூல் நூற்றவர், நெய்தவர், சாயம் போட்டவர், தைத்தவர், லாரி ஓட்டியவர். என் மகன் 14 பேர் வரை போனான், அதற்கப்புறம் "பட்டன் யாரு செஞ்சது?" என்று கேட்டு என்னையும் உட்கார்ந்து தேட வைத்தான். "எவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கித் தரேன் தெரியுமா" என்று நாம் அடிக்கிற லெக்சரைவிட இது எவ்வளவோ மேல்.

நூல்கண்டு:
நீங்களும் எழுதுகிறீர்களா, அல்லது பிள்ளைகளை மட்டும் உட்கார வைக்கிறீர்களா? என் கணவர் ஒரு வாரம் மகளுக்கு எழுதினார்: "நான் தூங்கும்போது டிவி சத்தத்தைக் குறைத்தாய்." அந்தத் துண்டைச் சங்கிலியில் கோக்கவே விடவில்லை, பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறாள்.

ரெண்டு வாலு அம்மா:
ஞாயிற்றுக்கிழமை சட்டைப் படம் செய்தோம். இஸ்திரி போடுகிற ஆளாக என்னை வரைவான் என்று பார்த்தால் அப்பாவை வரைந்தான். உண்மைதான், இங்கே இஸ்திரி அவர் வேலை. சங்கிலியும் 6 வளையம் வந்துவிட்டது. ஆனால் அதைச் சுவரில் எதை வைத்து ஒட்டுவது? செலோடேப் பெயிண்டோடு சேர்ந்து உரிந்து வருகிறது.

பசைக்கை:
சுவரை விடுங்கள். ஜன்னல் கம்பியில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள், மழைச்சாரல் படாத ஜன்னலாகப் பார்த்து.