அம்மம்மாவுடன் நிலாவெளி: கீழ்த்தள அறை தேடுகிறேன்

ஆகஸ்ட் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வான் வண்டியில் திருகோணமலை வருகிறோம். 6 பேர், 2 இரவு. அம்மம்மாவுக்கு முழங்கால் வருத்தம், படியேற முடியாது. கொமட் (உட்காரும் கழிப்பறை) கட்டாயம் வேண்டும். கோணேசர் கோயிலும் நிலாவெளிக் கடலும் அவருடைய நெடுநாள் ஆசை. கிழக்கில் கடல் அமைதியாக இருக்கும் காலம் இதுதான், மார்கழிக்குத் தள்ளினால் மழையும் அலையும். திகதியை மாற்ற மனமில்லை.

உறுதி செய்திருந்த இடம் போன கிழமை கைவிரித்துவிட்டது. இணையத்தில் தேடினேன், உப்புவெளிப் பக்க விடுதிகளுக்கு நேரடியாகவும் அழைத்தேன். சீசன் என்பதால் மேல்மாடி அறைகள்தான் மிச்சம். நகருக்குள் கிடைக்கிறது, ஆனால் அங்கிருந்து நிலாவெளி 15 கிலோமீற்றர் அளவில் வரும். அம்மம்மாவைத் திரும்பத் திரும்ப வானில் ஏற்றி இறக்குவது பெரும்பாடு. நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவுக்குப் போகாவிட்டாலும் சரி.

நிலாவெளியிலோ உப்புவெளியிலோ, கடற்கரைக்குப் பக்கத்தில் படியில்லாத கீழ்த்தள அறையுள்ள விடுதி யாருக்காவது தெரியுமா?