மறு: பேக்லிங்குக்கு என்ன சொல்லு வைக்கிறது?

> பேக்லிங்க் = பின்னிணைப்பு. இதில கதைக்க என்ன கிடக்கு?

கிடக்கு அண்ணை. பேக்லிங்க் எண்டா இன்னொரு தளம் எங்கட பக்கத்துக்குக் குடுக்கிற லிங்க். காலமை தேத்தண்ணியோட நான் முதல் பாக்கிறது கூகிள் மாதிரித் தேடுபொறிகளைப் பற்றின செய்தித் தளங்கள்: சேர்ச் எஞ்சின் ரவுண்ட்டேபிள், பேந்து சேர்ச் எஞ்சின் லாண்ட், கூகிள்காரர் தாங்களே எழுதுற சேர்ச் சென்ட்ரல், அதில வாறதை எங்கட பெடியளுக்குத் தமிழில சுருக்கிக் குடுக்கேக்க கால் தடக்கிறது உந்த ஒரு சொல்லிலதான். "உங்கட தளத்தின்ர பின்னிணைப்புகளைப் பாருங்கோ" எண்டா பிள்ளை பக்கத்தின்ர அடிக்குப் போய்த் தேடுது. அதில பிள்ளையில பிழையில்லை, பின்னிணைப்பு எண்டா புத்தகத்தின்ர கடைசியில அட்டவணை, படம் எண்டு சேர்க்கிற பகுதி, அது எப்பவோ குடியேறின சொல்லு.

அப்பிடி எங்களுக்கு வாற லிங்குக்கு ஏன் 'பேக்' எண்டு பேர் வந்தது? வெப்பில லிங்க் ஒரு திசையிலதான் போகும். எனக்கு ஆர் ஆர் குடுத்திருக்கினம் எண்டு என்ர பக்கத்தைப் பாத்து அறியேலாது, ஊர்ப்பட்ட பக்கமெல்லாம் வாசிச்சு லிங்குகளைத் திருப்பிப் போட்டாத்தான் தெரியவரும். லாரி பேஜும் சேர்ஜி பிரினும் 1996இல ஸ்டான்ஃபோர்டில இருந்து அதைத்தான் செய்தவை, அதுக்கு வச்ச பேர் பேக்ரப், அதுதான் பேந்து கூகிள் ஆனது. பக்கங்களுக்கு மதிப்புப் போடுற அவையின்ர பேஜ்ராங்க் கணக்கும் இதிலதான் நிக்குது: மதிப்புள்ள பக்கம் தன்ர மதிப்பைத் தான் குடுக்கிற லிங்குகளுக்குப் பிரிச்சு அனுப்பும். அப்ப எங்களுக்கு உள்ள வாறது வரவு. அதால நான் சொல்லுறது வரவிணைப்பு. நாங்கள் மற்றவைக்குக் குடுக்கிறது போக்கிணைப்பு. ஒண்டைச் சொன்னா மற்றது தானா விளங்கும்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில ஒடியல்மா (காய்ஞ்ச பனங்கிழங்கு மா) விக்கிற கடை ஒண்டு வெப்சைட் வச்சிருக்கெண்டு வையுங்கோ. ரொறன்ரோவில கூழ் காய்ச்சிற ஒராள் தன்ர பதிவில "ஒடியல்மா இஞ்ச வாங்கலாம்" எண்டு லிங்க் போடுறார். கடைக்கு அது வரவு, அவருக்குப் போக்கு. (அதை 'இஞ்ச'வில கொழுவாமல் 'ஒடியல்மா'வில கொழுவினா இன்னும் நல்லம், கூகிளுக்கு அந்தப் பக்கம் எதைப் பற்றினது எண்டு அதில விளங்கும். லிங்க் கொழுவின அந்தச் சொல்லுத்தான் ஆங்கர் டெக்ஸ்ட், அதுக்கு 'நங்கூர உரை' எண்டு ஆரோ எழுதியிருந்தவை, தயவுசெய்து வேண்டாம்.)

> வெளியிணைப்பு எண்டா லேசாக் கிடக்குமே?

லேசுதான், ஆனா ரெண்டு பக்கமும் இழுக்குது. தமிழ் விக்கிப்பீடியாவில கட்டுரைக்கு அடியில கிடக்கிற 'வெளி இணைப்புகள்' அங்க இருந்து வெளிய போறது. தளம் வச்சிருக்கிறவைக்குக் கூகிள் குடுக்கிற சேர்ச் கன்சோலில எக்ஸ்டர்னல் லிங்க்ஸ் எண்டா வெளிய இருந்து எங்களுக்கு வாறது.

> 'தொடுப்பு' முந்தியே கனபேர் எழுதினது. வரவுத்தொடுப்பு?

அக்கா, "அவருக்கொரு தொடுப்பு இருக்காம்" எண்டா ஊரில என்ன கதையெண்டு உங்களுக்குத் தெரியாதே! காசு குடுத்துத் தொடுப்பு வாங்கக்கூடாது எண்டு நான் வகுப்பில நிண்டு சொல்ல, பெடியள் சிரிச்சே முடிப்பாங்கள்.

> வரவெண்டா எல்லாம் லாபமெண்டு நினைக்கப் போறாங்கள்.

இது நியாயமான கேள்வி. 2012 ஏப்ரலில கூகிள் தன்ர தேடலில செய்த 'பென்குவின்' எண்ட மாற்றம் வந்தாப் பிறகு, லிங்கை வாங்கி அடுக்கின தளங்கள் தேடலில கீழ விழுந்தது தெரிஞ்ச கதை. ஆனா பேக்லிங்க் எண்ட சொல்லிலயும் நல்லது கெட்டது இல்லைத்தானே. கெட்டதை 'வாங்கின வரவிணைப்பு' எண்டு அடைமொழி போட்டுச் சொல்லுவம்.

மிச்சம் கிடக்கிறது நோஃபாலோ, லிங்கோட சேர்த்து எழுதுற ஒரு அடையாளம். 'பின்தொடராதே' எண்டு போட்டா, ஒருத்தரின்ர பதிவுகளைப் பின்தொடருறதோட குழம்பும். அதோட இப்ப அது கட்டளையும் இல்லை: 2005இல பின்னூட்டங்களில குப்பை லிங்க் போடுறவையை மறிக்கக் கொண்டுவந்தவை, 2019இல இருந்து கூகிள் அதை ஒரு குறிப்பாத்தான் எடுக்குது. லிங்க் குடுக்கிறன், ஆனா அதுக்கு நான் பிணை நிக்கேல்லை, அவ்வளவுதான் அதின்ர கருத்து. 'பிணையிலி இணைப்பு' எண்டு போடலாமோ? கேட்கக் கொஞ்சம் கோர்ட்டு வாசம் அடிக்குது, எனக்கே முழுத் திருப்தியில்லை. ஆரிட்டயும் வேற சொல்லு இருந்தா ஞாயிறுக்குள்ள எழுதுங்கோ, அடுத்த பாடக்குறிப்பு திங்கள் போகுது.